ஆளுக்கு ஒரு திருகு

எழுபதுகளின் கடைசியில், மந்தைவெளியில் எங்கள் தெரு ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சலூனுக்குப் போவார்கள், கறிகாய் வாங்கப் போவார்கள், சாயங்காலம் டிவி இருக்கும் வீடாகப் பார்த்துப் போய்ப் படத்துக்கு இடம் பிடிப்பார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் ஏரோப்ளேன் விடப் போவார்கள். இதை நான் வெளியே யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மீசை முளைத்த இரண்டு பேர் ஒரு ஸ்கூட்டரில், பின்னால் இருப்பவர் ஆளுயர இறக்கையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, எதிரே வரும் சைக்கிள்காரர்களையெல்லாம் தலை குனிய வைத்தபடி போனால் தெருவுக்குத் தானாகவே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டு மாமி என்னைப் பார்த்து ஒரு புன்னகை செய்வாள். அதில் பரிதாபம் பாதி, சந்தோஷம் பாதி.

ஸ்கூட்டரை ஓட்டுகிறவர் என் கணவர். அரசாங்கத்தில் பாலம் கட்டும் என்ஜினியர். ஒரு பாலம் எவ்வளவு தாங்க வேண்டுமோ அதைப்போல் இரண்டு மடங்குக்குக் கணக்குப் போட வேண்டும் என்று அவருக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மனிதர் அதைப் பாலத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வாசல் கதவுக்கு இரண்டு பூட்டு. மேகம் கறுத்தால் கையில் இரண்டு குடை. நாலு பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் எட்டுப் பேருக்கு அரிசி களையச் சொல்வார். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் முழுக்கச் சாப்பிடுவது நானும் அவர் தம்பியும்.

இறக்கையை மடியில் வைத்திருப்பவர்தான் அந்தத் தம்பி, என் மச்சினர். கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தார். ஒரு மருந்துக் கம்பெனிக்காகத் தோல் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை. டாக்டர்களின் வாசலில் காத்திருந்து காத்திருந்து தானும் பாதி டாக்டர் என்ற நினைப்பு வந்துவிட்டது. யாராவது தும்மினால் உடனே மாத்திரை எடுப்பார். அதையும் பாதியாக உடைத்துத்தான் கொடுப்பார். "மொதல் தடவை அரை டோஸ்தான் மன்னி. ஒடம்பு எப்படி எடுத்துக்கறதுன்னு பாக்கணும்" என்பார். அரை டோஸில் யாருக்கும் எதுவும் குணமானதாக எனக்கு நினைவில்லை.

மூன்றாவது ஆள், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். எங்களுக்கு அண்ணாச்சி. சிங்கப்பூரில் இருந்த சொந்தக்காரர் மூலமாக ரேடியோப் பெட்டியை வரவழைத்தது அவர்தான். தரையில் நின்றபடி ஆகாயத்தில் போகும் விமானத்துக்கு உத்தரவு போடுகிற பெட்டி. அதற்கு அரசாங்கத்தில் லைசென்ஸ் வாங்க அலைந்தது என் கணவர். விமானத்தைக் கட்டியது மூன்று பேரும். கட்டிய இடம் என் சாப்பாட்டு மேஜை.

அந்த மேஜையில் நாங்கள் சாப்பிட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. தக்கை மாதிரி லேசான மரத்தில் புது விமானத்தின் எலும்புக்கூடு அதன்மேல் படுத்திருக்கும். நாங்கள் கீழே தரையில் இலை போட்டு உட்கார்ந்திருப்போம். வீடெல்லாம் பசை நாற்றம், வார்னிஷ் நாற்றம். அது போதாதென்று என்ஜினுக்கு ஊற்றும் எரிபொருளில் விளக்கெண்ணெய் வேறு கலந்திருக்கும். கணவரின் சட்டைகளை எத்தனை முறை துவைத்தாலும், வயிறு சரியில்லாத குழந்தை இருக்கும் வீடு போல மணக்கும்.

எலும்புக்கூட்டுக்குத் தோல் போர்த்த வேண்டிய கட்டம் வந்தது. முதலில் மெல்லிய காகிதத்தை ஒட்டிப் பார்த்தார்கள், கிழிந்தது. பிறகு அண்ணாச்சி கடையிலிருந்து ஏதோ துணி கொண்டுவந்தார், கனத்தது. அதையும் சுருக்கம் சுருக்கமாக ஒட்டிவிட்டு, மூன்று பேரும் தூர நின்று தலையைச் சாய்த்துப் பார்த்து, உயரத்தில் போனால் தெரியாது என்று தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. என் அண்ணா கல்கத்தாவிலிருந்து வாங்கி வந்த சைனா சில்க் புடவை ஒன்று என்னிடம் இருந்தது. வெங்காயத் தோல் நிறம். கையில் எடுத்தால் இருப்பதே தெரியாது. உடுத்தினாலும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான் என்பதால் நான் அதைக் கட்டிக்கொண்டு வாசல் தாண்டியதில்லை.

"நான் போத்தித் தரேன். ஆனா முடிச்சதும் நானும் விடணும்" என்றேன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அதற்கு முன்னாலேயே சில ஞாயிறுகள் அவர்களோடு போயிருந்தேன். பழைய விமானம் ஒன்று நல்ல உயரத்துக்குப் போய் அமைதியானதும், கணவர் பெட்டியை என் கையில் கொடுத்து, என் விரலின் மேல் தன் விரலை வைத்துக்கொள்வார். திருப்புவது நானா அவரா என்று எனக்கே தெரியாது. பாட்டு வகுப்பில் வாத்தியார் உரக்கப் பாடும்போது நாமும் நன்றாகப் பாடுவதாக நினைத்துக்கொள்வோமே, அந்தச் சுகம் எனக்குச் சலித்துவிட்டது. ஒரு தடவையாவது என் கையால், என் கை மட்டுமே பட்டு, அதை மேலே அனுப்பிக் கீழே கொண்டுவர வேண்டும் என்று இருந்தது. அந்த ஆசை எவ்வளவு பெரியது என்பது கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அடுக்களை வாசலில் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். நான் அதை முழுதாகத் தரையிறக்கிவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு ஒரு முறை உண்டு. உடைத்துவிட்டால் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. இந்த நிபந்தனையைச் சொன்னது என் கணவர். பாலத்துக்கு டெண்டர் விட்ட பழக்கம்.

சரி என்றேன். புடவையை வெட்டினேன். துணியை ஈரமாக்கி, நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து ஒட்டினால் காயும்போது தானே விறைத்துக்கொள்ளும். மூன்று பேரும் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. காய்ந்ததும் இறக்கையைச் சுண்டினால் மிருதங்கம் போலச் சத்தம் வந்தது. அண்ணாச்சி மட்டும், "இந்தப் பொடவ எந்தக் கடையில எடுத்தது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வருத்தமாக இருந்தார்.

அதன் பிறகு எனக்குப் பாடம் நடந்தது. பெட்டியில் இரண்டு குச்சிகள். இடது குச்சி என்ஜின் வேகத்துக்கு. வலது குச்சி வாலுக்கு. எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் விமானம் திரும்பும். நம் பக்கம் இழுத்தால் மேலே ஏறும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். புதிதாகச் சொன்னது வலது குச்சிக்கு மேலே இருந்த ஒரு சின்ன சுவிட்சைப் பற்றி. அது மேலே இருந்தால், குச்சியை முழுக்கத் தள்ளும்போது வால் முழுக்க மடங்கும். அதைக் கீழே தள்ளிவிட்டால் அதே குச்சி, அதே தூரம், ஆனால் வால் பாதிதான் மடங்கும். மேலே ஹை ரேட், கீழே லோ ரேட். பழக்கமில்லாத கை பதறிப்போய் வெடுக்கென்று தள்ளினாலும் விமானம் பதறாது. அந்தப் பாதி எவ்வளவு என்பதைப் பெட்டியின் முதுகில் உள்ள ஒரு துவாரத்துக்குள் திருப்புளியை விட்டுத் திருகி வைத்துக்கொள்ளலாம்.

"எங்க கடையில ஒரே ரேட்டுதான்" என்றார் அண்ணாச்சி. இதை அவர் பெட்டி வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த ஏற்பாடு நியாயமாகத்தான் பட்டது. சனிக்கிழமை சாயங்காலம் கணவர் என் கண்ணெதிரே லோ ரேட்டைத் திருகி வைத்தார். குச்சியை ஓரத்துக்குத் தள்ளினேன். வால் என் கட்டைவிரல் அகலத்துக்கு மடங்கியது. "போறுமோன்னோ?" என்றார். போதும் என்றேன். சுவிட்சைக் கீழே தள்ளி, அது தப்பித் தவறி மேலே போய்விடக் கூடாது என்று அதன்மேல் குறுக்கே ஒரு பிளாஸ்திரியை ஒட்டினார். அதன்மேல் இன்னொன்று. நான் அடை வார்க்க உள்ளே போனேன். அதன் பிறகு அந்தப் பெட்டியின் முதுகுப் பக்கம் என்ன நடந்தது என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் அண்ணாச்சியின் அம்பாசிடரில் கிளம்பினோம். என் கன்னி முயற்சியை முன்னிட்டு வழியில் அடையாறில் ஒரு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தே ஆக வேண்டும் என்றார் அண்ணாச்சி. என் கணவர் முதல்முதலில் விட்டபோது பிள்ளையாருக்கு ஓர் எலுமிச்சம்பழம்கூடக் கிடைக்கவில்லை. கோயிலில் கூட்டம். அர்ச்சகர் அர்ச்சனைக்கு என் நட்சத்திரம் கேட்டார், விமானத்தின் நட்சத்திரத்தையும் கேட்டிருந்தால் மச்சினர் சொல்லியிருப்பார். பிறகு மூன்று பேருக்கும் பசித்தது. பொங்கல் சாப்பிட்டார்கள். ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருப்போம், காற்றே இருக்காது என்று சொன்னவர்கள் என்னைத் தரமணியில் கொண்டுபோய் இறக்கியபோது வெயில் ஏறி, கிழக்கேயிருந்து கடற்காற்று கிளம்ப ஆரம்பித்திருந்தது.

தரமணியில் அப்போது கட்டடங்கள் அங்கொன்று இங்கொன்றுதான். மீதியெல்லாம் பொட்டல், முள், பனை. மேற்கே ஒரு குட்டை. அதில் எப்போதும் எருமைகள் கிடக்கும். எருமைக்காரர் எங்களுக்குப் பழக்கம். ஒவ்வொரு ஞாயிறும் பீடியோடு வந்து குந்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

"இன்னா நைனா, இன்னிக்கி அம்மாவா வுடப்போவுது?" என்று கணவரிடம் கேட்டார்.

"ஆமாம்பா."

"அப்ப நான் மாட்ட அந்தாண்ட ஓட்டிக்கினு போயிடறேன்" என்று எழுந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. நாலடி போய்விட்டு, சோம்பலாக இருந்ததோ என்னவோ, திரும்பி வந்து குந்திக்கொண்டார்.

கணவரும் மச்சினரும் இறக்கையைப் பூட்டி எரிபொருள் ஊற்றினார்கள். அண்ணாச்சி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு காரின் நிழலில் நின்றார். என்ஜினைக் கிளப்பினார்கள். அண்ணாச்சி பெட்டியைக் கொண்டுவந்து என் கழுத்தில் மாட்டினார். பிளாஸ்திரி ஒட்டியபடியே இருந்தது. மச்சினர் விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு காற்றை நோக்கி ஓடினார். வேஷ்டி ஒரு பக்கம் அவிழ, விமானத்தை நேராக வீசினார். என் வெங்காயத் தோல் புடவை வெயிலை வாங்கிக்கொண்டு ஏறியது. நான் உடுத்தியிருந்தபோதுகூட அது அவ்வளவு அழகாக இருந்ததில்லை. எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

நல்ல உயரம் வந்ததும் வலது பக்கம் திருப்பினேன். விமானம் நேராகப் போனது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். நேராகவே போனது. குச்சியை ஓரம் வரை தள்ளினேன். தூக்கக் கலக்கத்தில் கூப்பிட்ட குரலுக்குத் தலையைத் திருப்புகிற ஆள் மாதிரி, லேசாக, மிக லேசாக வலது பக்கம் சாய்ந்து, ஊரை வளைத்துப்போடுகிற பெரிய வட்டம் ஒன்றை ஆரம்பித்தது. அந்த வட்டத்தின் பாதியில் கடற்காற்று அதன் முதுகில் ஏறிக்கொண்டது. விமானம் மேற்கே போக ஆரம்பித்தது.

"ரைட் குடு" என்றார் கணவர்.

"குடுத்துண்டுதான் இருக்கேன்."

"இன்னும் குடு."

"இதுக்கு மேல குச்சி போகாதுன்னா."

"மன்னி, பதறாதேங்கோ" என்றார் மச்சினர், பதறிக்கொண்டே. அண்ணாச்சி முருகனைக் கூப்பிட்டார். காலையில் உடைத்த தேங்காய் பிள்ளையாருக்கு.

விமானம் சின்னதாகிக்கொண்டே வந்தது. புடவை போகிறதே என்ற கவலை எனக்கு இல்லை. இது போய்விட்டால் என் முறையும் போய்விடும். நான் சரியாகத்தான் தள்ளினேன், அது கேட்கவில்லை என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாலும் யார் நம்புவார்கள்? பொம்பளை விட்டாள், போயிடுத்து. பக்கத்து வீட்டு மாமி வரைக்கும் இதுதான் கதை.

கணவர் பெட்டிக்குக் கை நீட்டினார். அவர் கையில் கொடுத்திருந்தாலும் அந்தச் சுவிட்ச் கீழே இருக்கும்வரை அவருக்கும் விமானம் கேட்டிருக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பெட்டி கை மாறிவிட்டால் என் கதை முடிந்தது என்பதுதான். முழங்கையால் ஓர் இடி இடித்தேன். விலாவில் பட்டிருக்க வேண்டும், மனிதர் இரண்டு அடி தள்ளிப்போனார். கட்டிக்கொண்ட நாளாக நான் அவரிடம் குரல் உயர்த்திக்கூடப் பேசியதில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் இடித்தது அதுதான் முதல் தடவை.

இடது கையால் பிளாஸ்திரியைப் பிய்த்தேன். இரண்டாவது பிளாஸ்திரி இருக்கிறது. அதையும் பிய்த்தேன். சுவிட்சைக் கீழே தட்டினேன். நம் வீடுகளில் விளக்கு சுவிட்சைக் கீழே தட்டினால்தானே எரியும், என் விரலுக்குத் தெரிந்தது அதுதான். அது ஏற்கெனவே கீழேதான் இருந்தது. அப்புறம்தான் இந்தப் பெட்டி செய்தவன் ஊரில் எல்லாம் தலைகீழ் என்பது ஞாபகம் வந்து, மேலே தள்ளினேன்.

அப்போது என் வலது கட்டைவிரல் குச்சியை இன்னும் ஓரத்திலேயே அழுத்திக்கொண்டிருந்தது. அதை யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. அதுவரை கேட்காத காது முழுதாகக் கேட்டுவிட்டது. விமானம் ஓர் இறக்கையில் செங்குத்தாக நின்று, சுழன்று, மூக்கைக் கீழே போட்டது. நேர் கீழே எருமைகள். எருமைக்காரர் எழுந்து நின்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கை ஓடாததுதான் நல்லதாகப் போயிற்று. குச்சியிலிருந்து விரல் தானாக விலகிவிட்டது. குச்சி நடுவுக்கு வந்தது. அந்த விமானம் சாதுவான சாதி. தொல்லை செய்யாமல் விட்டால் தானே நிமிர்ந்துகொள்ளும். பனை மர உயரத்தில் நிமிர்ந்தது.

அதன் பிறகு நான் குச்சியை விரல் நுனியால் மட்டும் தொட்டேன். கொஞ்சம் வலது, விடு. கொஞ்சம் வலது, விடு. அது திரும்பியது. நான் சொன்ன அளவுக்குத் திரும்பியது, நான் விட்டதும் நின்றது. யாருடைய விரலும் என் விரல்மேல் இல்லை. எதிர்க்காற்றில் அது மெதுவாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதைத் துடைக்கக் கை இல்லாததால் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். என்ஜினைக் குறைத்தேன். எங்கள் காலடி வரை வர வேண்டியது, குட்டையின் கரையோடு நின்றுவிட்டது. இரண்டு எருமைகளுக்கு நடுவே சேற்றில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தது. எருமைகள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அசை போட்டன.

நாலு பேரும் ஓடினோம். இறக்கை முழுசு, வால் முழுசு, என் புடவையில் ஒரு கிழிசல் இல்லை. முன்னால் சுற்றும் மர விசிறி மட்டும் இரண்டாக உடைந்திருந்தது.

"நீ வுட்டது பேஜாராத்தான் கீதும்மா" என்றார் எருமைக்காரர். "ஆனா மாட்டு மேல வுழல. போன மாசம் இவுரு வுட்டது என் எருமை முதுவுலதான் வந்து வுழுந்துச்சு."

போன மாதம் பழைய விமானத்தின் மூக்கு உடைந்ததற்குக் காற்று காரணம் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. கணவர் விமானத்தில் ஒட்டிய சேற்றை மிகுந்த கவனத்தோடு வழிக்க ஆரம்பித்தார்.

"வால் ஏன் கேக்கலைன்னு பாருங்கோ மொதல்ல" என்றேன். அண்ணாச்சி பெட்டியை வாங்கிச் சுவிட்சைக் கீழே தள்ளிக் குச்சியை ஓரத்துக்குத் தள்ளினார். முந்தின நாள் கட்டைவிரல் அகலத்துக்கு மடங்கிய வால், இப்போது நகக்கண் அளவுக்கு நடுங்கிவிட்டு நின்றது. மூன்று பேரும் வாலைப் பார்த்தார்கள். பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. மூன்று பேர் முகத்திலும் ஒரே திருட்டு முழி.

முதலில் வாய் திறந்தது மச்சினர்தான். "காத்தால கெளம்பறதுக்கு முன்னாடி நான் கொஞ்சம்... ஒரே ஒரு திருகு. மொதல் தடவையாச்சே, பாதி போறுமேன்னு."

"நீயுமா?" என்றார் கணவர். அந்த ஒரு 'உம்'மில் மாட்டிக்கொண்டார். நான் அடை வார்க்க உள்ளே போனதும், தான் வைத்தது சரியாக இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் பாதியாக்கியிருக்கிறார்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "நீங்க பெட்ரோல் ஊத்துதப்ப, காருக்குப் பின்னால வச்சு நானும் லேசா... மொதல்ல கொஞ்சம் பிடிச்சுத்தான் தைக்கணும். பத்தலைன்னா பிரிச்சுக்கிடலாமே."

"ஆகாசத்துல போனப்புறம் யார் அண்ணாச்சி பிரிக்கறது?" என்றேன்.

கல்யாண வீட்டு அடுக்களையில் வந்தவர் போனவரெல்லாம் சாம்பாருக்கு ஒரு பிடி உப்பு போட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் போட்டதை இன்னொருவர் கேட்கமாட்டார். இங்கே மூன்று பேரும் ஆளுக்கொரு பிடி எடுத்திருந்தார்கள். எல்லாம் என் பத்திரத்துக்காக. பாதியில் பாதியில் பாதி, அதிலும் அண்ணாச்சியின் தையல் வேறு. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சேற்றில் நின்றபடி, எருமைக்காரர் பயப்படும் அளவுக்குச் சிரித்தேன். அது முடிந்ததும் கோபம் வந்தது.

"எருமை முதுகுல விட்டதுக்கு அப்புறம் உங்க ரேட்டை யாராவது கொறைச்சாளா?" என்று கணவரைக் கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினார். பிறகு மற்ற இருவருக்கும் கேட்காத குரலில் சொன்னார். "நீ ஒடைச்சுட்டா அப்புறம் கெடையாதுன்னு நானே சொல்லித் தொலைச்சுட்டேன். ராத்திரி தூக்கமே வரலை. நீ ஒடைச்சுடக் கூடாதேன்னுதான் கொறைச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும். என் கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. மீதிப் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஜெயிக்கணும்னு என் கையைக் கட்டிப் போட்டேளாக்கும்" என்றேன்.

அவர் விலாவைத் தடவிக்கொண்டார். பிறகு, பழக்கதோஷம், "டெக்னிக்கலா பாத்தா, விசிறி ஒடைஞ்சுடுத்து..." என்று ஆரம்பித்தார்.

"செருப்பு அறுந்தா ஆள் செத்துட்டான்னா சொல்லுவீரு?" என்றார் அண்ணாச்சி. "விசிறிய சிந்தாதிரிப்பேட்டையில சொல்லிச் செஞ்சுக்கிடலாம். தங்கச்சி முழுசா எறக்கிட்டாங்க. பேச்சு பேச்சுதான்." மச்சினரும் ஆமாம் என்றார். அரை மனதாக இல்லாமல் முழுசாக அவர் சொன்ன முதல் ஆமாம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அன்று வீடு திரும்பும் வழியில், அம்பாசிடரின் பின் சீட்டில் சேற்றுப் புடவையோடு உட்கார்ந்து நான் சட்டம் போட்டேன். விடப்போகிறவர் மட்டும்தான் திருகைத் தொடலாம். கிளம்புமுன் ஒவ்வொரு தடவையும் வாலைப் பார்த்துக்கொண்டே குச்சியை ஆட்ட வேண்டும், சுவிட்ச் மேலே இருக்கும்போது ஒரு தடவை, கீழே இருக்கும்போது ஒரு தடவை. லோ ரேட் என்றால் அதை மட்டும் வைத்துக்கொண்டே காற்றில் திருப்பித் தரையிறக்க முடிய வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் அதற்குப் பெயர் பத்திரம் இல்லை. குச்சியை நடுவுக்குக் கொண்டுவராமல் சுவிட்சைத் தொடக்கூடாது. கடைசிச் சட்டத்தை மீறிய ஒரே ஆள் நான்தான், அதனால் அதைக் கொஞ்சம் சன்னமாகச் சொன்னேன். பிளாஸ்திரி காயத்துக்கு மட்டும். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எல்லாருக்கும் பசி.

அடுத்த ஞாயிறு தேங்காய் இல்லை, பொங்கல் இல்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில் தரமணியில் இருந்தோம். புது விசிறி. எருமைக்காரர் தன் இடத்தில் குந்தியிருந்தார், மாட்டை ஓட்டிக்கொண்டு போவதாக இந்த முறை சொல்லவில்லை. கணவர் காரிலிருந்து பெட்டியை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து அதையும் கொடுத்தார்.

நான் பெட்டியைத் திருப்பி வைத்துத் திருகினேன். மச்சினர் வாலருகே உட்கார்ந்து பார்த்தார். வால் கட்டைவிரல் அகலத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன். அண்ணாச்சிக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது, இருமிவிட்டுச் சும்மா இருந்தார். சுவிட்சை மேலே தள்ளிப் பார்த்தேன், கீழே தள்ளிப் பார்த்தேன். திருப்புளியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"இது போறுமா?" என்று கணவர் கேட்டார்.

"போறும். உங்களுக்கு பயமா இருந்தா கார்ல போய் உக்காந்துக்கோங்கோ."

அவர் போகவில்லை. என்ஜின் கிளம்பி, மச்சினர் விமானத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, என் புடவை மறுபடியும் மேலே ஏறி, நான் அதை முதல் திருப்பத்தில் சாய்க்கும்வரை என் பக்கத்திலேயே நின்றார், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு.